படத்தைத் திரையிடுங்கள், குற்றத்தையும் சரியாகச் சொல்லுங்கள்

சென்னைத் திரைப்படச் சங்கங்களின் நிகழ்ச்சிக் குழுவினருக்கும், திரைப்பட ரசனை வகுப்பு நடத்தும் விஸ்காம் துறை ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

திகில் படங்களுக்கென்று ஒரு வரிசை போட்டால் அதில் ‘ரோஸ்மேரிஸ் பேபி’ (1968) கட்டாயம் வரும். பெயர் பட்டியலில் ஏறியதும் குழுவுக்குள் இரண்டு குரல் எழும். “அந்த ஆளோட படத்தை ஏன் போடணும்?” என்பது ஒன்று. “கலையைக் கலையா மட்டும் பாருங்க” என்பது மற்றொன்று. கடைசியில் ஒரு சமரசம் நடக்கிறது. படம் ஓடும், அறிமுகத் தாளில் இயக்குநர் ரோமன் பொலான்ஸ்கியின் பெயருக்கு முன்னால் ‘சர்ச்சைக்குரிய’ என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த மடல் அந்தச் சமரசத்தைக் கைவிடச் சொல்லி எழுதப்படுகிறது.

படத்தைக் காட்டுவது ஒரு வேலை. அதை எடுத்தவரைக் கொண்டாடுவது வேறு வேலை. அவர் செய்ததைப் பார்வையாளரிடம் சொல்வது மூன்றாவது வேலை. முதல் வேலையைச் செய்யுங்கள், இரண்டாவதை விட்டுவிடுங்கள், மூன்றாவதை முழுமையாகச் செய்யுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை. மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டுக்கொள்வதால்தான் ஒவ்வொரு முறையும் பேச்சு சண்டையில் போய் நிற்கிறது.

மூன்றாவதிலிருந்தே தொடங்குகிறோம், அதிகப் பிழை அங்கேதான் நேர்கிறது. ‘சர்ச்சை’ என்றால் இரண்டு தரப்பு இருக்கிறது, உண்மை இன்னும் தெரியவில்லை என்று பொருள்படும். இந்த வழக்கின் மையத்தில் அப்படிப்பட்ட ஐயம் எதுவும் இல்லை. 1977 மார்ச் 10 அன்று லாஸ் ஏஞ்சலஸில், பொலான்ஸ்கி, பத்திரிகைக்குப் புகைப்படம் எடுப்பதாக அழைத்துச் சென்ற 13 வயதுச் சிறுமிக்கு ஷாம்பெயினும் மயக்க மாத்திரையும் கொடுத்து வல்லுறவு செய்தார் என்பது வழக்கு. அப்போது அவருக்கு 43 வயது. மறுநாளே கைதானார். போதைப்பொருள் கொடுத்து வல்லுறவு செய்தது உட்பட 6 குற்றச்சாட்டுகள் பதிவாயின. சிறுமியை வெளிப்படையான விசாரணைக்கு இழுக்க அவள் தரப்பு விரும்பவில்லை. பேரம் பேசி, 1977 ஆகஸ்டில், மைனருடன் சட்டவிரோதமாக உடலுறவு கொண்டதாக ஒரே ஒரு குற்றச்சாட்டை மட்டும் அவர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். உளவியல் பரிசோதனைக்காக சினோ சிறையில் 42 நாள் இருந்தார். மேலும் சிறை விதிக்கப்படும் என்று தெரிந்ததும், தீர்ப்புச் சொல்லும் முன்பே, 1978 பிப்ரவரி 1 அன்று அமெரிக்காவை விட்டுத் தப்பினார். அதன் பிறகு அவர் அங்கே திரும்பவில்லை. 2009-இல் ஜூரிக்கில் கைதானார். 2010-இல் சுவிட்சர்லாந்து அவரை நாடுகடத்த மறுத்து விடுவித்தது. இதற்கிடையே, 2003-இல் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் விருது அவருக்குக் கொடுக்கப்பட்டது. விருதைக் கொடுத்த அதே அகாதமி 2018-இல் அவரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது. பின்னாளில் வேறு சில பெண்களும் அவர்மீது குற்றம் சாட்டியிருக்கிறார்கள், அவற்றை அவர் மறுத்திருக்கிறார்.

இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். ‘சர்ச்சைக்குரிய’ என்று எழுதியதால் மிச்சமாவது அந்த இரண்டு நிமிடம்தான்.

சொல்லும்போது வினைச்சொற்களில் கவனம் வேண்டும். நீதிமன்றத்தில் ஏற்றதை ‘ஒப்புக்கொண்டார்’ என்று எழுதுங்கள். பதிவாகி, பேரத்தில் கைவிடப்பட்ட பிரிவுகளுக்கு ‘குற்றம் சாட்டப்பட்டார்’. விசாரணைக்கே வராத பிற புகார்களுக்கு ‘புகார் கூறியிருக்கிறார்கள், அவர் மறுத்திருக்கிறார்’. மூன்றையும் கலந்து எழுதிவிட்டால், அரங்கில் விவரம் தெரிந்த ஒருவர் எழுந்து ஒரு பிழையைப் பிடிப்பார். அந்த ஒரு பிழையைக் காட்டி மொத்தத்தையும் தள்ளிவிடுவது அவருக்குச் சுலபமாகிவிடும்.

பாதிக்கப்பட்டவர் வளர்ந்த பிறகு தாமாகவே வெளியே வந்து பேசியிருக்கிறார், எழுதியும் இருக்கிறார். ஆனாலும் அறிமுகத் தாளில் அவர் பெயரைப் போடாதீர்கள். இத்தகைய குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்பது நம் சட்டம் (முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 228அ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 72). எந்த நாட்டு வழக்கைப் பேசும்போதும் அந்த ஒழுங்கை நாம் கடைப்பிடிக்கலாம். 2017-இல் பாதிக்கப்பட்ட அவரே லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றத்துக்கு வந்து வழக்கை முடித்துவிடும்படி கேட்டார், நீதிபதி மறுத்தார். இந்தத் தகவலை “அந்தப் பொண்ணே மன்னிச்சிருச்சு, உங்களுக்கென்ன?” என்று மேடையில் வீசக் கேட்டிருப்பீர்கள். மன்னிப்பது அவருடைய உரிமை. அவர் பெற்ற துன்பத்தில் நாற்பது ஆண்டு நீதிமன்ற அலைச்சலும் ஒன்று. அதிலிருந்து விடுபட அவர் கேட்டதை எடுத்து இயக்குநருக்கு நற்சான்றிதழாக நீட்ட நமக்கு உரிமை கிடையாது.

இன்னொன்றையும் மேடையில் அடிக்கடி சொல்கிறார்கள். 1969 ஆகஸ்டில் சார்ல்ஸ் மேன்சனின் கொலைக் கும்பல் பொலான்ஸ்கியின் மனைவி ஷாரன் டேட்டைக் கொன்றது. அப்போது அவர் எட்டரை மாதக் கர்ப்பிணி. பெருந்துயரம்தான். அது 1977-இல் நடந்ததற்குக் காரணமும் ஆகாது, தள்ளுபடியும் ஆகாது. அதைவிட மோசம், அந்தக் கொலையை ‘சாபம் பிடித்த படம்’ என்று சுவரொட்டிக்குச் சரக்காக்குவது. இசையமைப்பாளர் கொமெடாவின் மரணம், படத்தில் வெளித்தோற்றமாக வரும் டகோட்டா கட்டடத்தின் வாசலில் 1980-இல் ஜான் லெனன் சுடப்பட்டது எல்லாவற்றையும் ஒரே மாலையாகக் கோத்துவிடுவார்கள். கூட்டம் சேரும். ஆனால் செத்தவர்களைப் பேய்க்கதை ஆக்கிவிட்டு, உயிரோடு இருக்கும் ஒருவருக்கு இழைக்கப்பட்ட குற்றத்தைச் சொல்லாமல் விடுகிற அறிமுகம் அது.

இனி படத்துக்கு வருவோம். “குணம்நாடிக் குற்றமும் நாடி” என்ற குறளை இந்த விவாதத்தில் தவறாமல் கொண்டுவருகிறார்கள். ஒரு தட்டில் படத்தை வைத்து, மறுதட்டில் குற்றத்தை வைத்து, எது மிகுதியோ அதைக் கொள் என்பதுபோல. அந்தக் குறள் ‘தெரிந்துதெளிதல்’ அதிகாரத்தில் வருகிறது, பொறுப்புக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கிறது. ஒரு சங்கம் தன் விழாவுக்குத் தலைவராகவோ வகுப்புக்கு ஆசிரியராகவோ ஒருவரை அழைக்கும்போது அதை எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே அது சரியான அளவுகோல். படத்தையும் குற்றத்தையும் எடைபோட ஒரே தராசு கிடையாது. எத்தனை நல்ல ஷாட்டுகள் சேர்ந்தால் ஒரு சிறுமிக்கு நேர்ந்தது சமமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படிக் கேட்பதே அவளுக்குச் செய்யும் அநீதி.

படத்தைப் படத்துக்குள் இருப்பதைக் கொண்டே மதிப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால் இது சாதாரணப் படம் இல்லை.

ஐரா லெவினின் நாவலைப் பெரும்பாலும் அப்படியே பின்பற்றிய திரைக்கதை. நியூயார்க்கில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடம், புதிதாகக் குடிவரும் இளம் தம்பதி, அன்பாகப் பழகும் பக்கத்து வீட்டு முதியவர்கள். படத்தின் பெரும்பகுதியில் ரத்தம் கிடையாது, பேய் எதிரே வந்து நிற்காது. ஒரு பெண்ணின் உடலை மற்றவர்கள் பங்குபோட்டுக்கொள்வதும், அவள் சொல்வதை யாரும் நம்பாததுமே திகில். கருவுற்ற ரோஸ்மேரி வலிக்கிறது என்கிறாள், ஓரிரு நாளில் போய்விடும் என்கிறார் டாக்டர் சேப்பர்ஸ்டீன். வலி மாதக்கணக்கில் நீள்கிறது. புத்தகம் படிக்காதே, தோழிகள் பேச்சைக் கேட்காதே என்பதும் அவருடைய மருந்துச்சீட்டில் சேர்த்தி. வைட்டமின் மாத்திரைக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டு மின்னி தினமும் ஒரு பானம் கொண்டுவந்து கொடுக்கிறாள். பக்கத்து வீட்டு மாமி டம்ளரை நீட்டி “ஒரே மூச்சுல குடிச்சிடும்மா” என்பது நம் ஊர்ப் பிளாட்டுகளில் பாசத்தின் அடையாளம். அதனாலேயே சென்னைப் பார்வையாளருக்கு மின்னியின் மீது சந்தேகம் சற்றுத் தாமதமாக வருகிறது. வந்த பிறகு ஆழமாகத் தைக்கிறது. ரூத் கார்டனுக்கு அந்த வேடத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்தது.

வகுப்பில் நிறுத்திக் காட்ட வேண்டிய மூன்று இடங்கள் உண்டு. முதலாவது, மின்னி படுக்கையறைக்குள் போய் டாக்டருக்குப் போன் செய்யும் ஷாட். கதவு நிலை அவளைப் பாதி மறைக்கிறது. ஒளிப்பதிவாளர் வில்லியம் ஃப்ரேக்கர் முதலில் அவள் முழுதாகத் தெரியும்படி சட்டகம் அமைத்தார், இயக்குநர் கேமராவை நகர்த்தச் சொன்னார். திரையரங்கில் அந்த இடம் வந்ததும் மக்கள் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்தார்கள் என்று ஃப்ரேக்கர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். மறைத்துக் காட்டுவது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் கிடைப்பது அரிது.

இரண்டாவது, தொலைபேசிக் கூண்டு. வியர்வையில் நனைந்த ரோஸ்மேரி உதவி கேட்டு இன்னொரு டாக்டருக்குப் போன் செய்கிறாள். நீண்ட நேரம் வெட்டே இல்லை. வெளியே ஓர் ஆளின் முதுகு வந்து நிற்கிறது, சேப்பர்ஸ்டீனோ என்று பதறுகிறோம். (திரும்பும் முகம் படத்தின் தயாரிப்பாளர் வில்லியம் காஸிலுடையது.) அவள் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்ட அந்த நல்ல டாக்டர், அவளைப் படுக்கவைத்துவிட்டு அவள் கணவனையும் சேப்பர்ஸ்டீனையும் கூப்பிட்டு ஒப்படைத்துவிடுகிறார். அவருக்குக் கெட்ட எண்ணம் ஏதும் கிடையாது. பெரிய டாக்டர் சொல்வதும் கணவன் சொல்வதும் ஒரு பெண் சொல்வதைவிட நம்பத் தகுந்தது என்று அவர் எண்ணுவது போதுமானதாக இருக்கிறது.

மூன்றாவது இடம்தான் கடினமானது. மின்னி கொடுத்தனுப்பிய சாக்லேட் மூஸ் என்ற இனிப்பில் சுண்ணாம்புச் சுவை அடிக்கிறது. கணவன் வற்புறுத்த, ரோஸ்மேரி கொஞ்சம் தின்றுவிட்டு மீதியை அவன் பார்க்காதபோது ஒளிக்கிறாள். அதனால் மயக்கமும் பாதி, நினைவும் பாதி. கனவு போலத் தொடங்குவதற்கு நடுவே, இது கனவல்ல, உண்மையிலேயே நடக்கிறது என்று அலறுகிறாள். விடிந்ததும் முதுகில் கீறல்கள். நேற்றிரவு தானும் குடித்திருந்ததாகவும், கருத்தரிக்கக்கூடிய இரவை விட மனமில்லாமல் அவள் உறங்கும்போதே நடந்துகொண்டதாகவும், நகத்தைக்கூட வெட்டிவிட்டதாகவும் கணவன் சாதாரணமாகச் சொல்கிறான். அந்தக் காலைநேரப் பேச்சு இரவுக் காட்சியைவிடக் கொடுமையானது. போதை கொடுத்து ஒரு பெண்ணின் சம்மதத்தை இல்லாமலாக்குவது, பிறகு அதை ஒன்றுமில்லாத விஷயமாக்குவது, இரண்டையும் 1968-இல் இவ்வளவு தெளிவாகத் திரையில் வைத்த படங்கள் மிகக் குறைவு.

அதை எடுத்தவர்மீது 9 ஆண்டுகள் கழித்துப் பதிவானதும் அதே வகைக் குற்றச்சாட்டு. இந்த உண்மை பார்வையாளரின் நெஞ்சில் கல்லாக உட்காரும். அதை நகர்த்தப் பார்க்காதீர்கள். இங்கேதான் பேச்சாளர்கள் வழுக்கி விழுகிறார்கள். ஒருவர், “பெண்ணின் வலியை இவ்வளவு புரிந்தவர் கெட்டவராக இருக்க முடியாது” என்பார். கலையில் ஒன்றைப் புரிந்திருப்பது நடத்தைக்குச் சான்று அல்ல. இந்த வழக்கே அதற்கு நிரூபணம். இன்னொருவர், “படமே அவருடைய வாக்குமூலம்” என்பார். கதை லெவினுடையது, ஆண்டு 1968. 1977-ஐ அதற்குள் திணித்துப் படித்தால் படத்தையும் பார்க்க மாட்டோம், குற்றத்தையும் பார்க்க மாட்டோம்.

‘பொலான்ஸ்கியின் படம்’ என்று மட்டும் சொல்லிப் பழகியதும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். நாவலின் உரிமையை வாங்கியவர் காஸில். அவரே இயக்க நினைத்தார், பாரமவுண்ட் பட நிறுவனத்தின் ராபர்ட் எவன்ஸ் வேறு இயக்குநரைக் கொண்டுவந்தார். அரங்க வடிவமைப்பு ரிச்சர்ட் சில்பர்ட், இசை கிறிஸ்டோஃப் கொமெடா. தொடக்கத்தில் வரும் தாலாட்டை முணுமுணுப்பது ரோஸ்மேரியாக நடித்த மியா ஃபேரோவே. படப்பிடிப்புத் தளத்துக்கே கணவர் ஃப்ராங்க் சினாட்ராவின் விவாகரத்துக் காகிதம் வந்துசேர்ந்த நிலையிலும் படத்தை முடித்துக்கொடுத்தவர் அவர். ஏறக்குறைய ஒவ்வொரு காட்சியையும் தாங்குவது அவர் முகம். சுவரொட்டியில் முதல் பெயராக அவருடையதைப் போடுங்கள். இயக்குநர் பெயரை ஒளிக்கவும் வேண்டாம், அந்தக் கதவு நிலை அவர் முடிவுதான். உரிய இடத்தில், உரிய அளவில் இருக்கட்டும். ‘மேதை’, ‘சகாப்தம்’, பிறந்தநாள் சிறப்புத் திரையிடல், முழுநாள் தொகுப்பு விழா ஆகியவை கொண்டாட்டத்தின் பக்கம் சேர்ந்தவை, அவற்றை விட்டுவிடுங்கள்.

எல்லாப் படத்துக்கும் இதே விடையா என்றால், இல்லை. குற்றம் படத்துக்கு வெளியே நடந்ததா, படம் எடுக்கும்போதே நடந்ததா என்பது முதலில் கேட்க வேண்டியது. ஹிட்ச்காக்கின் ‘தி பேர்ட்ஸ்’ (1963) படத்தில் மாடியறைத் தாக்குதலுக்கு இயந்திரப் பறவைகள் என்று சொல்லிவிட்டு, உயிருள்ள பறவைகளை 5 நாள் கதாநாயகி டிப்பி ஹெட்ரன் மீது எறிந்தார்கள். கண்ணருகே காயம் பட்டது, அவர் தளர்ந்து விழுந்து மருத்துவர் ஓய்வு சொல்லும் நிலைக்குப் போனது. இயக்குநர் தம்மிடம் பாலியல் ரீதியாக அத்துமீறினார் என்றும் அவர் 2016-இல் எழுதியிருக்கிறார். ஹிட்ச்காக் 1980-இலேயே இறந்துவிட்டார், அது நீதிமன்றம் ஏறவில்லை. ஆகவே ‘எழுதியிருக்கிறார்’ என்பதே இங்கே சரியான வினை. ஆனால் அந்த மாடியறைக் காட்சியில் நாம் காணும் பயத்தின் ஒரு பகுதி நடிப்பல்ல. அதைத் திரையிடுபவர்கள் அந்தக் காட்சியைப் பற்றியே பேசியாக வேண்டும், தனிமனித வாழ்க்கை என்று ஒதுக்க வழியில்லை.

‘க்ளவுன்ஹவுஸ்’ (1989) இன்னும் ஒருபடி அப்பால். அதன் இயக்குநர் விக்டர் சால்வா, படத்தில் நடித்த 12 வயதுச் சிறுவனைப் படப்பிடிப்புக் காலத்தில் பாலியல் வன்கொடுமை செய்தார். 1988-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 3 ஆண்டுத் தண்டனையில் 15 மாதம் சிறையில் இருந்தார். திரையில் தெரியும் சிறுவனே பாதிக்கப்பட்டவன். அந்தப் படத்தைத் திரையிடக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து, அறிமுகம் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் சரி.

நடைமுறைக்கு வருவோம். ‘ரோஸ்மேரிஸ் பேபி’ 2 மணி 17 நிமிட அளவிலான படம். மாலை 5.30-க்கு அறிமுகத்தைத் தொடங்கி 5.40-க்குப் படத்தைப் போட்டால் 8 மணிக்கு முடியும், அரை மணி நேரம் பேசலாம், தாம்பரம் பக்கமோ திருவொற்றியூர் பக்கமோ போகும் பெண்களும் பேச்சு முடியும்வரை உட்கார்ந்திருப்பார்கள். 7 மணிக்குத் தொடங்கினால் பேச்சு நேரத்தில் அரங்கில் ஆண்கள் மட்டுமே மிஞ்சுவார்கள், இந்தப் படத்துக்கு அது பெரிய இழப்பு. அனுமதி 18 வயதுக்கு மேல். எச்சரிக்கையை முன்பதிவு அறிவிப்பிலேயே போடுங்கள். அரங்கில் விளக்கணைக்கும்போது சொன்னால் யாராலும் எழுந்து போக முடியாது. “மயக்க நிலையில் உள்ள பெண் மீது பாலியல் வன்முறை, முதல் ஒரு மணி நேரத்துக்குள், கர்ப்பகாலத் துன்புறுத்தல், படம் முழுவதும்” என்று இடம் குறித்து எழுதினால்தான் பயன், ‘சிலருக்கு மனச்சங்கடம் தரலாம்’ என்பதால் எதுவும் தெரியாது. முடிவைச் சொல்லிவிடாதீர்கள், முதல்முறை பார்ப்பவர்கள் எப்போதும் பாதிக்குமேல் இருப்பார்கள்.

இலவசத் திரையிடலானாலும் பொதுக் காட்சிக்கு உரிமம் தேவை. வீட்டு ஓடிடி சந்தாவோ சொந்த டிவிடியோ போதாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்துக்கு 60 ஆண்டுக் காப்பு, ஆகவே இந்தப் படத்துக்கு 2028 முடியும்வரை. “அந்த ஆளுக்குக் காசு போகக் கூடாது” என்று திருட்டுப் பிரதியைப் போடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதனால் அந்தச் சிறுமிக்கு எந்த நீதியும் கிடைக்கவில்லை, சட்டத்தை மீறியது நாம்தான்.

அறிமுகத் தாளில் இப்படி எழுதலாம்:

“1968-இல் வெளியானது. ஐரா லெவினின் நாவல், மியா ஃபேரோவின் நடிப்பு, வில்லியம் ஃப்ரேக்கரின் ஒளிப்பதிவு. இயக்கம் ரோமன் பொலான்ஸ்கி. 1977-இல் 13 வயதுச் சிறுமியை வல்லுறவு செய்ததாகக் கைதாகி, மைனருடன் சட்டவிரோத உடலுறவு என்ற குற்றத்தை ஒப்புக்கொண்ட இவர், தீர்ப்புக்கு முன் 1978-இல் அமெரிக்காவிலிருந்து தப்பிச் சென்றார். இந்தத் திரையிடல் அவரைப் பாராட்டுவதற்கானது அல்ல. போதை கொடுக்கப்பட்டு, நம்பப்படாமல் போகும் ஒரு பெண்ணின் கதையை இந்தப் படம் எப்படிச் சொல்கிறது என்று பார்க்கவும் பேசவும் கூடுகிறோம்.”

பேச்சுக்கு ஒழுங்கு வைக்காவிட்டால் மைக் முன்வரிசைப் பெரியவர்களிடமே சுற்றும். ஒருவருக்கு 2 நிமிடம், முதல் 10 நிமிடம் படத்தைப் பற்றி மட்டும், பிறகு குற்றம் பற்றி. இந்த வரிசை முக்கியம். குற்றத்தில் தொடங்கினால் படத்தை யாரும் பேசுவதில்லை, கடைசிக்குத் தள்ளினால் “நேரமாயிடுச்சு” என்று அதை விட்டுவிடுகிறார்கள். திரையிட வேண்டாம் என்று சொல்லும் உறுப்பினரையும் மேடைக்கு அழையுங்கள். வர விரும்பாதவரிடம் காரணம் கேட்காதீர்கள். வகுப்பென்றால் இந்தப் படத்தை வருகைப் பதிவோடு கட்டாயமாக்காதீர்கள், அதே பாடத்துக்கு மாற்றுப் படம் ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

கடைசியாக, உங்கள் சங்கத்தைப் பற்றியே ஒன்று. மலையாளத் திரையுலகில் பெண்கள் படும் தொல்லைகளை ஆராய்ந்த ஹேமா குழுவின் அறிக்கை 2019-இல் தரப்பட்டும், 2024 ஆகஸ்டில்தான் பகுதிகள் மறைக்கப்பட்டு வெளிவந்தது. கலிஃபோர்னியாவில் 1977-இல் நடந்ததை இவ்வளவு நுணுக்கமாகப் பேசும் அரங்கில், தன்னார்வலராக நாற்காலி போடும் மாணவிக்குத் தொல்லை நேர்ந்தால் யாரிடம் போவாள் என்பது எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் தன்னார்வலரும் பணியாளர் வரையறைக்குள் வருகிறார். 10 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் உள்ளகக் குழு கட்டாயம். குறைவாக இருந்தால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் செய்யலாம். நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். இந்த விவரங்களையும் தொடர்பு எண்ணையும் அரங்க வாசலில், அடுத்த திரையிடலின் சுவரொட்டிக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
சென்னையில் படங்களைத் திரையிட்டும் கற்பித்தும் எழுதியும் வரும் சிலர்